வெள்ளைத் தூண்கள்

ஐரோப்பாவிலாயினும் அமெரிக்காவிலாயினும் ஒரு பெரிய நகரத்திற்குப் புதிதாகச் செல்லும் ஒருவன், அந்நாட்டு மொழியை அறியாதவனாக இருந்தாலும், நீதிஸ்தலம் எது, சட்டசபை எது, பெரிய பாங்கி எது என்பதை வழி கேளாமலே கண்டுகொள்ளலாம். அகன்ற படிக்கட்டு, அதன்மேல் வரிசையாக நிற்கும் பருத்த வெள்ளைத் தூண்கள், அவற்றின் தலைமேல் ஒரு முக்கோண முகப்பு. இம்மூன்றும் கூடிய இடத்தில் அதிகாரம் குடியிருக்கிறதென்று அர்த்தம். சற்றேறக் குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் தெய்வங்களுக்கு எடுத்த ஆலயங்களின் வடிவம் இது. அந்தத் தெய்வங்களை வணங்குவார் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. தூண்கள் மட்டும் ஒழியவில்லை. வாஷிங்டனிலும் லண்டனிலும் பெர்லினிலும் அவை புதிது புதிதாக முளைத்தன; கல்கத்தாவிலும் சென்னையிலும் புது டில்லியிலுங்கூட முளைத்தன. இன்று நம் ஊர்க் கல்யாண மண்டபங்களின் வாயிலிலும், புதுப் பணக்காரரின் மாளிகை முகப்பிலும் அவை சிமெண்டு உருவில் நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள்.

இது ரசனையைப் பற்றிய விஷயம், அரசியலுக்கு இதில் வேலையில்லை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அரசியல் பார்ப்போரிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சியார், ஜனநாயகம் பிறந்த நாட்டின் கட்டிடமாகையால் அது ஜனநாயகத்தின் திருவுருவமே என்பர். மற்றக் கட்சியார், நம்மை ஆண்ட அந்நியர் கொணர்ந்த அடிமைச் சின்னமாகையால் அதை இடித்துத் தள்ளவேண்டுமென்பர். இரு சாராரும் தூண்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். தூணைப் பார்ப்பதைக் காட்டிலும், அதை நிறுத்தப் பணம் எங்கிருந்து வந்தது, கல்லைச் சுமந்தவன் யார், கட்டி முடிந்த பின் உள்ளே நுழைய யாருக்கு அனுமதி என்று விசாரிப்பதே பயனுடைத்து. அந்த விசாரணையை ஏதென்ஸ் நகரிலிருந்தே தொடங்குவோம்.

அந்நகரின் நடுவே அக்ரோபொலிஸ் என்னும் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான் ஆலயமே இவ்வகைக் கட்டிடங்களுக்கெல்லாம் தலையாயது. கி.மு. 447-ல் அதன் வேலை தொடங்கிற்று. 438-ல் அதீனா தேவியின் திருவுருவம் உள்ளே ஸ்தாபிக்கப்பட்டது. 432-ல் சிற்ப வேலைகள் முற்றுப்பெற்றன. இக்டைனஸ், காலிக்ரேட்டஸ் என்ற இருவர் கட்டிடச் சிற்பிகள். பிடியாஸ் என்னும் பெருஞ்சிற்பி மேற்பார்வை செய்தார். இவர்களுக்குப் பின்பலமாக நின்றவர் அக்காலத்து ஏதென்ஸ் ஜனத்தலைவராகிய பெரிக்ளிஸ். முன்னும் பின்னும் எட்டெட்டுத் தூண்கள், பக்கங்களில் பதினேழு பதினேழு. மூலைத் தூண்களை ஒரு முறையே எண்ணினால் மொத்தம் 46. சலவைக்கல் முழுவதும் சுமார் பத்து மைல் தூரத்திலுள்ள பெந்தெலிக்கஸ் மலையிலிருந்து வந்தது. கட்டிடத்தில் நேர்கோடு என்பதே அரிது. அடித்தளம் நடுவில் சற்றே மேலெழும்பி வளைந்திருக்கிறது. தூண்கள் இடையில் இலேசாகப் பருத்து, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. பார்ப்பவன் கண்ணுக்கோ எல்லாம் நேராகவே தோன்றுகின்றன. இவ்வளவு நுட்பத்தைக் கல்லில் செய்தவர்களை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

இனிப் பணத்துக்கு வருவோம். பாரசீகப் படையெடுப்பைத் தடுப்பதற்காக ஏகியக் கடலைச் சுற்றியுள்ள கிரேக்க நகரங்கள் பல ஏதென்ஸின் தலைமையில் ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் பொது நிதிக்குப் பணம் செலுத்தி வந்தன. டீலாஸ் என்னும் தீவில் இருந்த அந்தப் பொக்கிஷம் கி.மு. 454-ல் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. அது முதல் நட்பு நகரங்களின் சந்தா கப்பமாயிற்று. அதில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்கு என்று எடுத்து வைத்து, எந்த நகரம் எவ்வளவு என்பதைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். கூட்டணியை விட்டு விலக முயன்ற நகரங்கள் கடற்படையால் ஒடுக்கப்பட்டன. ஸேமாஸ் தீவுக்கு கி.மு. 439-ல் நேர்ந்த கதி அதுவே. இவ்வாறு சேர்ந்த செல்வத்தின் துணையைக் கொண்டே குன்றின்மேல் ஆலயங்கள் எழும்பின. யுத்தத்துக்கென்று பிறர் கொடுத்த பணத்தால் நம் நகரை அலங்கரிப்பது அக்கிரமமென்று ஏதென்ஸிலேயே எதிர்க்கட்சியார் சபையில் முறையிட்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதற்குப் பெரிக்ளிஸ் சொன்ன சமாதானத்தையும் அவர் குறித்திருக்கிறார்: நண்பர்கள் ஒரு குதிரையோ கப்பலோ வீரனோ கொடுக்கவில்லை, பணம் மட்டுமே கொடுக்கிறார்கள், அவர்களை நாம் காப்பாற்றும் வரையில் பணத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய கடமை நமக்கில்லை என்பதே அதன் சாரம். இந்த வாதத்தை நம் தேசத்தார் வேறு பாஷையில், வேறு வாயிலிருந்து 150 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பழகியவர்கள். ஆகவே விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் ஏதென்ஸின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அங்கே பொதுக் கட்டிடத்தின் செலவுக் கணக்கைச் சலவைக்கல்லில் வெட்டி, ஜனங்கள் படிக்கும்படி வைத்தார்கள். பார்த்தினானுக்கு அருகிலுள்ள எரக்தியம் என்னும் ஆலயத்தின் கணக்குக் கல்வெட்டுக்களில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேலை செய்த கூலியாட்களின் பெயர்களை இன்றும் வாசிக்கலாம். அவர்களில் குடியுரிமை பெற்றவர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர், அடிமைகள் மூவகையாரும் கலந்திருந்தனர். ஒரே தூணுக்கு வரி செதுக்கிய குழுவில் எஜமானனும் அவனுடைய அடிமைகளும் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். நாட்கூலி எல்லோருக்கும் ஒரு திராக்மா. கட்டிடச் சிற்பிக்கும் அதே விகிதந்தான். அடிமையின் கூலி அவன் எஜமானன் பைக்குப் போயிற்று என்பது வேறு விஷயம். மூவரில் முதல் வகையாருக்கே சபையில் ஏறிக் கைதூக்கும் உரிமை இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்டிருக்கும் அது இல்லை. ஜனநாயகத்தின் தொட்டிலென்று சொல்லப்படும் இடத்தின் கணக்கு இவ்வளவுதான். அதற்குப் பின் வந்த சாம்ராஜ்யங்கள் பலவற்றில் இவ்வளவு கணக்குக்கூட வெளிவரவில்லை.

கிரேக்கர் கட்டியது தூணும் உத்தரமும் கொண்ட கட்டிடம். கல்லுத்தரம் நடுவில் பளு தாங்காது விரிசல் கண்டுவிடுமாகையால், தூண்களை நெருக்கமாக நிறுத்தவேண்டியது அவர்களுக்கு அவசியமாயிற்று. தூண் இல்லாவிட்டால் கூரை விழும். கிரேக்கத்தைக் கி.மு. 146-ல் வென்று அடக்கிய ரோமருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் இரண்டு காரியங்களில் வல்லவர்கள்: வளைவு கட்டுவது, கான்கிரீட் செய்வது. வெஸூவியஸ் எரிமலைக்கு அருகே பூத்சுவோலி என்னும் ஊர்ப்பக்கத்தில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பிலும் கல்சில்லிலும் கலந்தால், அது நீருக்கடியிலுங்கூட இறுகிப் பாறையாவதை அவர்கள் கண்டார்கள். அந்தச் சாந்தில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் அஜாக்கிரதையாகக் கலந்ததன் விளைவென்று அறிஞர்கள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். சுடச்சுடக் கலந்ததால் அவை உண்டாயினவென்றும், பிற்காலத்தில் விரிசல் விழுந்து நீர் புகும்போது அக்கட்டிகள் கரைந்து படிந்து விரிசலைத் தாமே அடைத்துவிடுகின்றன என்றும் 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ரோமாபுரிக்குத் தண்ணீர் கொணர்ந்த பெருங்கால்வாய்கள் பதினொன்று. முதலாவது கி.மு. 312-ல் வெட்டப்பட்டது. ரோமர் உலகத்துக்கு அளித்த மெய்யான கொடை இவையே. சுண்ணாம்பு, சாம்பல், தண்ணீர் வாட்டம் இவற்றுக்கு முகப்பழகு இல்லை. ஆகையால் பின்வந்த அரசர்கள் காப்பியடிக்கத் தலைப்பட்டபோது இவற்றை மறந்தார்கள். ரோம சாம்ராஜ்யம் வீழ்ந்தபின் அந்தக் கான்கிரீட் வித்தை ஐரோப்பாவில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. போர்ட்லண்டு சிமெண்டு பதிவு செய்யப்பட்டதே 1824-ல்தான்.

அப்படியானால் ரோமர் தூண்களை என்ன செய்தார்கள்? இங்கேதான் கதை திரும்புகிறது. கொலோஸியம் என்னும் வட்டரங்கை வெஸ்பேஸியன் சக்கரவர்த்தி தொடங்கி, அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80-ல் திறந்து வைத்தான். அதன் வெளிச்சுவரில் அடுக்கடுக்காக வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் இருபுறமும் அரைத்தூண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன: அடியில் டோரிக்கைப் போன்ற எளிய தூண், அதற்குமேல் சுருள் தலையுடைய அயோனிக், அதற்கும் மேல் இலைக்கொத்துத் தலையுடைய கொரிந்தியத் தூண். பளுவைத் தாங்குவன வளைவுகளும் உள்ளிருக்கும் தடித்த சுவர்களுமே. தூண்கள் ஒரு பாரத்தையும் சுமக்கவில்லை. கிரேக்க நாகரிகம் எங்களுக்கும் உண்டு என்று காட்டிக்கொள்ள அவை நிற்கின்றன. கூரையைத் தாங்கும் தொழிலாளியாக இருந்த தூண் அன்றைக்கு உத்தியோக உடுப்புப் போட்ட சேவகனாயிற்று. அந்த உடுப்புக்குள்ளே நடந்தது மனிதரை மிருகங்களோடும் மனிதரோடும் மோதவிட்டுக் கொல்லும் வேடிக்கை. 80 வாயில்கள், அவற்றில் 76-க்கு இலக்கங்கள், கூட்டம் நெரிசலின்றி ஏறி இறங்க உள்ளடங்கிய படிகள். இந்த ஏற்பாட்டை இன்றைய விளையாட்டு அரங்குகள் அனைத்தும் பின்பற்றுகின்றன.

பாந்தியன் ஆலயத்திலும் இதே முறைதான். ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் கி.பி. 126-ஐ ஒட்டி முடிந்த அதன் கான்கிரீட் கும்மட்டம் குறுக்களவில் சுமார் 142 அடி. இரும்புக் கம்பி சேர்க்காத கான்கிரீட் கும்மட்டங்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை உலகத்தில் இல்லை. மேலே போகப்போக எடை குறைந்த கல்லைக் கலந்து, உச்சியில் நுரைக்கல்லைச் சேர்த்து, நடுவில் வானம் தெரிய ஒரு வட்டத் துவாரம் விட்டிருக்கிறார்கள். வாயிலிலோ கிரேக்க பாணியில் 16 தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல். அத்தனையும் வென்றடக்கிய எகிப்து தேசத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. தூண்வரிசைக்கும் வட்டக் கட்டிடத்துக்கும் சரியான பொருத்தமில்லை என்பது பக்கவாட்டில் நின்று பார்த்தால் விளங்கும். பிற்கால ஐரோப்பாவும் அமெரிக்காவும் கட்டிய சட்டசபைகளிலும் சர்வகலாசாலைகளிலும் கும்மட்டத்தின் முன்னே தூண் முகப்பை நிறுத்தும் வழக்கத்துக்கு இதுவே மூலம்.

இடையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ருவியஸ் என்ற பழைய ரோமச் சிற்பியின் நூற்பிரதி ஒன்று ஒரு மடத்துப் புத்தகசாலையில் அகப்பட்டது. இத்தாலியர் அதைப் படித்து, இடிபாடுகளை அளந்து, புதிய கட்டிடங்களை அந்த அளவில் எழுப்பினார்கள். அவர்களில் பல்லாடியோ என்பவர் 1570-ல் வெளியிட்ட நூல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பாடப்புத்தகமாயிற்று. கிரேக்க நாடோ அப்போது துருக்கர் ஆதிக்கத்தில் இருந்தது. பார்த்தினான் மாதாகோயிலாகிப் பின் மசூதியாகி, வெடிமருந்துக் கிடங்குமாயிற்று; 1687-ல் வெனிஸ் நகரத்துப் படையின் குண்டு அதன்மேல் விழ, வெடிமருந்து வெடித்து நடுப்பாகம் சிதறியது. 1751-ல் ஏதென்ஸ் சென்ற ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரண்டு ஆங்கிலேயர் எடுத்த அளவுப் படங்கள் 1762 முதல் வெளிவந்தபின், லண்டனில் கிரேக்க மோகம் தலைக்கேறிற்று. மோகத்தின் அடுத்த படி கொள்ளை. கான்ஸ்டாண்டிநோபிளில் பிரிட்டிஷ் ஸ்தானாபதியாக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பார்த்தினானின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். 1816-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவற்றை 35,000 பவுனுக்கு வாங்கிற்று. சுல்தானின் அதிகாரிகளிடம் அனுமதி பெற்றதாக எல்ஜின் வாதித்தார். கிரேக்க ஜனங்களை யாரும் கேட்கவில்லை. சுதந்திரப் போரை அவர்கள் தொடங்கியதே 1821-ல். இன்றும் அச்சிற்பங்களில் பெரும்பகுதி லண்டன் மியூசியத்திலேயே இருக்கிறது. ஏதென்ஸில் 2009-ல் திறந்த புது மியூசியத்தில், எஞ்சிய அசல்களின் இடையிடையே லண்டனில் உள்ளவற்றின் சுண்ணாம்புப் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறம் அசல், வெள்ளை நிறம் போலி என்று குழந்தையும் சொல்லிவிடும்.

வெள்ளை நிறத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழைய கிரேக்க ஆலயங்கள் வெள்ளையாக இருந்ததில்லை. உத்தரத்தின் மேற்பட்டைகளில் நீலம், சிவப்பு, சிலைகளுக்கு உடை, உதடு, கண் எல்லாவற்றுக்கும் வர்ணம், ஆங்காங்கே பொன்முலாம். மழையும் வெயிலும் வர்ணத்தைக் கழுவிய பின் மிஞ்சிய வெறுங்கல்லையே ஐரோப்பியர் கண்டார்கள். கிரேக்க நாட்டில் காலே வைக்காத விங்கெல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் வெண்மையை அழகின் உச்சமாகப் போற்றி எழுதினார். பரிசுத்தம், பகுத்தறிவு, ஆளும் தகுதி எல்லாம் வெள்ளைக்கே உரியன என்ற மயக்கத்துக்கு இது நன்றாகப் பயன்பட்டது. 1937, 38-ஆம் ஆண்டுகளில் லண்டன் மியூசியத்துப் பணியாட்கள் பார்த்தினான் சிற்பங்களைச் செப்புக் கருவிகளால் சுரண்டினார்கள். புதிய காட்சிமண்டபத்துக்குப் பணம் கொடுத்த பிரபுவுக்கு அவை போதிய வெள்ளையாக இல்லையாம்! அசலைக் காப்பாற்றவே எடுத்து வந்தோம் என்று சொன்னவர்கள் செய்த காரியம் இது. தப்பிப் பிழைத்த நீல வர்ணத்தின் அணுக்களை அதே மியூசியத்தின் ஆராய்ச்சியாளர் 2009-ல் கண்டு வெளியிட்டனர்.

இனி அமெரிக்கா. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸன், 1785-ல் பாரிஸில் ஸ்தானாபதியாக இருந்தபோது, வர்ஜீனியா மாகாணத்தின் சட்டசபைக்குத் திட்டம் அனுப்பும்படி ஊரிலிருந்து கடிதம் வந்தது. பிரான்ஸின் நீம் நகரில் மேஸோன் காரே என்னும் ரோமானிய ஆலயம் ஒன்று பழுதின்றி நிற்கிறது. அதன் வடிவத்தையே அவர் தேர்ந்தெடுத்தார். 1787-ல் நேரில் போய், காதலியைப் பார்ப்பவனைப்போல் மணிக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சிநேகிதி ஒருத்திக்கு எழுதினார். குடியரசுக்கு இதைவிடத் தக்க உருவம் இல்லையென்பது அவர் துணிபு. ஆனால் அந்த ஆலயம் ரோமக் குடியரசை ஒழித்த அகஸ்டஸின் பேரப்பிள்ளைகளும் சுவீகார வாரிசுகளுமான இரு இளவரசர் பெயரால் எழுப்பப்பட்டது. பரம்பரை முடியாட்சிக்கு நட்ட தூண்களை முடியாட்சியை வெறுத்தவர் காப்பியடித்தார். அதே ஜெபர்ஸன் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர் வகுத்த அந்தச் சபையிலேயே, உள்நாட்டுப் போரின்போது, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாகாணங்களின் காங்கிரஸ் கூடிற்று.

வாஷிங்டன் நகரத்துக் காபிடல் கட்டிடத்தின் கதை இதிலும் விசேஷமானது. 1793-ல் ஜார்ஜ் வாஷிங்டனே அஸ்திவாரக் கல் நாட்டினார். கல்லை உடைத்தவர்களிலும், மரம் அறுத்தவர்களிலும், செங்கல் சுட்டவர்களிலும் எஜமானரிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட அடிமைகள் பலர். வாடகைப் பணம் எஜமானருக்கே. இன்று நாம் படங்களில் காணும் பெரிய கும்மட்டம் 1850-களில் தொடங்கியது. அது கல்லே அன்று. வார்ப்பிரும்புக்கு வெள்ளை வர்ணம் பூசியது. அதன் உச்சியில் 19½ அடி உயரமுள்ள சுதந்திர தேவி நிற்கிறாள். கிராபர்ட் என்னும் சிற்பி முதலில் அவள் தலையில், பண்டை ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் குல்லாயை வைத்தார். அப்போது யுத்த மந்திரியாக இருந்த ஜெபர்ஸன் டேவிஸ் அதை ஆட்சேபித்தார். குல்லாய் போய்த் தலைக்கவசம் வந்தது. பிற்பாடு தென் மாகாணங்களின் பிரஸிடெண்டு ஆனவர் இந்த டேவிஸே. தூண்களின் அர்த்தத்தை எவ்வளவோ பேர் மறந்திருந்தாலும், குல்லாயின் அர்த்தத்தை அவர் மறக்கவில்லை.

அந்தச் சிலையின் வெண்சாந்து மாதிரியைப் பிரித்து வார்ப்படசாலைக்குக் கொண்டுபோகும் உபாயம் தெரியாமல் எல்லோரும் திகைத்தபோது, பிலிப் ரீட் என்ற அடிமைத் தொழிலாளி அதன் தலையில் கயிறு கட்டி இலேசாகத் தூக்கி, எங்கே இணைப்பு விரிசல் தெரிகிறதென்று பார்த்துப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுத்ததாகக் கூறுவர். வாரத்தில் ஆறு நாள் அவர் உழைப்பின் ஊதியம் வார்ப்படசாலைக்காரராகிய எஜமானருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒன்றேகால் டாலர் அவர் கைக்கே வந்தது. 33 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 41 டாலர் 25 சென்டு என்று சர்க்கார் கணக்கில் எழுதியிருக்கிறது. 1862 ஏப்ரலில் வாஷிங்டன் வட்டாரத்து அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வந்தது. அதன்படி நஷ்டஈடு எஜமானர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 1863 டிசம்பரில் சுதந்திர தேவி உச்சியில் ஏறியபோது ரீட் சுதந்திர மனிதராக இருந்தார். அடிமைகளின் உழைப்பைக் குறிக்கும் ஒரு கல்லை அக்கட்டிடத்தில் வைக்க 2012 வரை ஆயிற்று.

அதே நகரத்தில் லிங்கன் ஞாபக மண்டபம் 1922-ல் திறக்கப்பட்டது. ஹென்றி பேகன் என்பவர் அதைக் கிரேக்க ஆலய வடிவில் கட்டினார். லிங்கன் இறந்த காலத்து மாகாணங்கள் 36 ஆகையால் வெளிச்சுற்றில் 36 டோரிக் தூண்கள். அடிமை விலங்கை உடைத்தவருக்கு எடுத்த அந்த ஆலயத்தின் திறப்பு விழாவில், கறுப்பு மக்களைத் தனியே கயிறு கட்டிப் பிரித்து உட்காரவைத்தார்கள். தூண்கள் வாய்திறக்கவில்லை. 1939-ல் மேரியன் ஆண்டர்ஸன் என்ற கறுப்புப் பாடகிக்கு வாஷிங்டனின் பெரிய சங்கீத மண்டபம் ஒன்றில் இடம் மறுக்கப்பட்டபோது, அவர் இந்தப் படிகளில் நின்று 75,000 பேர் கேட்கப் பாடினார். 1963 ஆகஸ்டில் இரண்டரை லட்சம் ஜனங்களுக்கு முன் மார்ட்டின் லூதர் கிங் அதே படிகளிலிருந்து பேசினார். அந்தக் கட்டிடத்துக்கு இன்று உலகத்தில் இருக்கும் அர்த்தம் பேகன் கொடுத்ததைவிட அதிகமாக அவ்விருவரும் கொடுத்ததே.

ஹிட்லரும் தூண்பக்தர் என்பதை நேயர்கள் அறிவார்கள். பாந்தியனை முன்மாதிரியாகக் கொண்டு, 1,80,000 பேர் நிற்கக்கூடிய கும்மட்ட மண்டபம் ஒன்றைப் பெர்லினில் கட்டுவதற்கு ஸ்பீர் என்ற சிற்பியை ஏவினார். அவருடைய கட்டிடங்களுக்குக் கருங்கல் உடைக்கப்பட்டது சிறைமுகாம்களின் கல்லுடைப்புச் சுரங்கங்களில். பெர்லின் மண் பளு தாங்குமா என்று சோதிக்க 1941-ல் 12,650 டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் உருளையை நிறுத்திப் பார்த்தார்கள். அது சுமார் ஏழு அங்குலம் புதைந்தது. மண்டபம் எழும்பவேயில்லை. உருளை இன்னும் அங்கே நிற்கிறது.

நம் நாட்டில் இந்தத் தூண்கள் வெற்றியின் விளம்பரமாகவே வந்தன. புது டில்லியில் 1927-ல் திறக்கப்பட்ட பழைய பார்லிமெண்டு மாளிகையின் 144 தூண்களை பேக்கர் நிறுத்தினார். அருகேயுள்ள வைஸ்ராய் மாளிகைக்கு லட்யன்ஸ் புதிய தூண் ஜாதி ஒன்றையே கற்பித்து, தலைப்பாகத்தில் கல்மணிகளைத் தொங்கவிட்டார். மணி அடித்தால் அரசவம்சம் அழியுமென்று ஒரு நம்பிக்கை உண்டாம், கல்மணி அடிக்காதல்லவா! 1931-ல் வைஸ்ராய் அதில் குடிபுகுந்தார். பதினாறு ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. 144 தூண்களின் உள்ளேதான் 1929 ஏப்ரலில் பகத் சிங்கும் படுகேசுவர தத்தரும் வெடிகுண்டு எறிந்து கைதானார்கள். அங்கேதான் 1946 டிசம்பர் 9-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை கூடிற்று. 2023-ல் பார்லிமெண்டு புதுக் கட்டிடத்துக்கு மாறியபின் பழையதற்கு ஸம்விதான் ஸதன் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

சென்னையில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் விருந்து மண்டபம் கட்டப்பட்டது இதற்கெல்லாம் முந்தி, 1802-ல். கம்பெனியின் வானசாஸ்திரியாக இருந்த கோல்டிங்ஹாம் என்பவரே அதன் சிற்பி. கவர்னர் எட்வர்டு கிளைவ், பிளாசியில் வென்ற கிளைவின் மகன். உயர்ந்த மேடை, அகன்ற படிக்கட்டு, சுற்றிலும் தூண்கள், முக்கோண முகப்பு: அசல் கிரேக்க ஆலயத்தைப் போலவே இருக்கும். அது நினைவூட்ட வேண்டியவை 1757-ல் பிளாசியும் 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணமும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-ல், மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டது 1801-ல். அந்தத் தழும்புகள் ஆறுமுன் இந்த மண்டபத்தில் விருந்து நடந்தது. அக்காலத்துச் சென்னைக் கட்டிடங்களில் ஏதென்ஸின் சலவைக்கல் ஏது? செங்கல்லின்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசி, பளபளவென்று தேய்த்துச் சலவைக்கல்லோவென்று வெளிநாட்டுப் பிரயாணிகள் மயங்கும்படி செய்தவர்கள் நம் கொத்தர்கள். சுண்ணாம்பு என்ற நமது சொல்லே ஆங்கிலத்தில் சுனாம் ஆயிற்று. ஆனால் அவர்கள் கூலியும் பெயரும் ஏதென்ஸில்போல் கல்லில் வெட்டப்படவில்லை.

1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றபின், 1938 ஜனவரி முதல் 1939 அக்டோபர் வரை சென்னைச் சட்டசபை கூடியது இந்த விருந்து மண்டபத்தில்தான். ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரி. பிளாசி வெற்றிக்காக நிறுத்திய தூண்களின் நிழலில், சிறை சென்று வந்த தேசபக்தர்கள் உட்கார்ந்து சட்டம் செய்தார்கள். யாரை உள்ளே விடுவது என்ற பழைய கேள்விக்கு, 1939-ல் நிறைவேறிய ஆலயப் பிரவேசச் சட்டத்தின் வாயிலாக அங்கே ஒரு பதில் கிடைத்தது. அதே ஆண்டு நம் சம்மதமின்றி இந்தியாவை யுத்தத்தில் இழுத்ததைக் கண்டித்து மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. 1948-ல் அந்த மண்டபத்துக்கு ராஜாஜி மண்டபம் என்று பெயர் வந்தது. 1969-ல் அண்ணாதுரையின் உடலும், 1975-ல் காமராஜரின் உடலும் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. கவர்னரின் விருந்தினர் ஏறுவதற்கென்று கட்டிய படிகளில், அழுதுகொண்டே ஏறிய கூட்டத்தை யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை.